கருவாட்டை 21 நாள் நிறுத்தினால் விந்தணு கவுண்ட் ஏறுமா?

பாம்பன் வத்தைக்காரன்:
தேவிபட்டினம் மாப்பிள்ளை நேற்று போட்டதைப் பார்த்தீர்களா? "கருவாடு சூடு, விந்தணுவைக் கருக்கிவிடும். 21 நாள் நிறுத்தினேன், கவுண்ட் 12 மில்லியனிலிருந்து 19 ஆனது" என்கிறார். ஐயா, ஒரு விந்தணு உருவாகி முடியவே ஏறத்தாழ 74 நாள் ஆகும். 21 நாளில் உனக்கு ஏறியது வாய்தான்.

தேவிபட்டினம் மாப்பிள்ளை:
ரெண்டு ரிப்போர்ட்டும் கையில் இருக்கிறது. ஒரே லேப். நீ எந்தக் காலேஜில் படித்தாய் மச்சான்?

தங்கச்சிமடம் தம்பி:
அண்ணே, கவுண்ட் என்பது ஒரு மில்லிக்கா, மொத்தத்துக்கா? மில்லிக்கு 16 மில்லியன் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது கீழ் எல்லையா?

பாம்பன் வத்தைக்காரன்:
தம்பி, சும்மா இரு. மாப்ள, முதல் டெஸ்டுக்கு முன் எத்தனை நாள் விந்து வெளியேறாமல் விலகியிருந்தாய், ரெண்டாவதுக்கு எத்தனை நாள்?

தேவிபட்டினம் மாப்பிள்ளை:
முதலில் 2, அப்புறம் 6. அதுக்கென்ன?

பாம்பன் வத்தைக்காரன்:
அதுக்கென்னவா! நாள் கூடினால் எண்ணிக்கை தானாகக் கூடும். நெத்திலி பாவம், அதன் மேல் பழியைப் போடாதே. 74 நாள், மாப்ள. எழுபத்து நாலு.

கீழக்கரை பாய்:
எங்கள் பக்கம் கடல் அட்டைதான் மருந்து என்று ஒருவர் சொல்லிக்கொண்டே இருப்பார். 2001லிருந்து அதைப் பிடிப்பதே குற்றம். பிள்ளைக்கு ஆசைப்பட்டு ஜெயிலுக்குப் போகச் சொல்கிறாரா?

தொண்டி அக்கா:
உணவால் ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல வேண்டாம். ஸ்பெயினில் தினமும் 60 கிராம் பாதாம், வால்நட், ஹேசல்நட் கொடுத்து 14 வாரம் பார்த்தார்கள். எண்ணிக்கையும் ஓட்டமும் கூடின. ஆனால் அமெரிக்காவில் துத்தநாக, ஃபோலிக் அமில மாத்திரையை 2370 ஆண்களை வைத்துச் சோதித்ததில் ஒரு பலனும் இல்லை, 2020இல் வந்தது. பத்து வருஷம் பெண்டாட்டியைக் கோயில் கோயிலாக இழுத்துவிட்டு, பதினோராம் வருஷம் கருவாட்டைக் குறை சொல்கிற ஆட்களையும் பார்த்திருக்கிறேன்.

தேவிபட்டினம் மாப்பிள்ளை:
அக்கா, எனக்கா அது? எனக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம்தான்.

பாம்பன் வத்தைக்காரன்:
மீன்பிடித் தடைக்காலம் 61 நாள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. விசைப்படகெல்லாம் கரையில். பாதி வீட்டில் கருவாடுதான் குழம்பு. நீ சொல்வது சரியென்றால் தை, மாசியில் எங்கள் ஊரில் தொட்டிலே கட்டக் கூடாதே!

தேவிபட்டினம் மாப்பிள்ளை:
மாட்டினாய். உன் 74 நாள் கணக்குப்படி, சித்திரையில் இருக்கும் அணு மாசியில் உருவானது. மாசியில் நீ தின்றது பச்சை மீன். அப்போ ஜெயித்தது யார்?

கீழக்கரை பாய்:
😂 சரியான அடி.

பாம்பன் வத்தைக்காரன்:
வைகாசிக் கடைசியில்? அதைச் சொல்லேன். கணக்கு தெரியாதவன் கணக்கு சொல்ல வந்துவிட்டான். விரை உடம்புச் சூட்டைவிட ரெண்டு மூணு டிகிரி குறைவாக இருந்தால்தான் வேலை செய்யும். நீ நாள் முழுக்க எஞ்சின் பெட்டி மேல் உட்கார்ந்து பீடி குடிக்கிறாய். போன வருஷம் ஜிம்மில் போட்ட ஊசி? வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏற்றினால் உள்ளே விந்தணு உற்பத்தி படுத்துவிடும். அதெல்லாம் விட்டுவிட்டு நெத்திலியாம், சூடாம்!

தேவிபட்டினம் மாப்பிள்ளை:
ஊசி விஷயத்தை ஏன் இங்கே எழுதுகிறாய்? நீ கொடுத்த கருவாட்டில் மணல், அதைப் பேசு. முதல் கவளத்திலேயே பல்லில் நறநறவென்றது. கரையில் அப்படியே கொட்டிக் காயவைத்தாய்.

பாம்பன் வத்தைக்காரன்:
வலை விரித்துத்தான் காயப்போட்டேன். மூணு தண்ணி அலசாமல் சட்டியில் போட்டது உன் வீட்டுத் தப்பு. தொண்டிப் பக்கம் வேண்டுமானால் மணலில் போடுவார்கள்.

தொண்டி அக்கா:
வாயை அளந்து பேசு தம்பி. தொண்டி நெத்திலியைத் தொட்டுப் பார்த்திருக்கிறாயா?

தங்கச்சிமடம் தம்பி:
மில்லிக்கா மொத்தத்துக்கா, யாராவது…

பாம்பன் வத்தைக்காரன்:
அக்கா, உங்களைச் சொல்லவில்லை. மாப்ள, அந்த ரெண்டு கிலோவுக்கு இன்னும் காசு வரவில்லை. அது 74 நாளைத் தாண்டிப் பல மாசம் ஆகிறது.

தேவிபட்டினம் மாப்பிள்ளை:
மணலைக் கழித்தால் ஒன்றே முக்கால் கிலோ. 21 நாளில் ஏறியது ஏறியதுதான்.