அளவுகோல் சிறிதாகச் சிறிதாகக் கடற்கரை நீளம் முடிவிலி ஆகிவிடுமா?

தொண்டிக் கரை:
பதினொன்றாம் வகுப்புக்கு முடிவிலியை நம்ம கரையை வைத்தே விளக்கப் பார்க்கிறேன். இந்தியக் கடற்கரை 7,516.6 கி.மீ. என்று இருந்தது, நுணுக்கமான வரைபடத்தில் மறுபடி அளந்ததும் 11,098.8 ஆனது. தமிழ்நாடு 906.9-லிருந்து 1,068.7. அப்படியானால் கோலைக் குறைத்துக்கொண்டே போனால் எந்தக் கரையும் முடிவிலி நீளம்தான் என்று சொல்லலாமா?

தென்கடல்:
"எந்தக் கரையும்" என்பது தப்பு. கூடிக்கொண்டே போவது வேறு, வரம்பில்லாமல் கூடுவது வேறு. பிள்ளைகள் வழுக்கி விழும் இடமே இதுதான், அதனால் முதலில் வட்டத்தைக் காட்டுங்கள். ஆரம் 1 உள்ள வட்டத்துக்குள் ஒழுங்கு அறுகோணம் வரைந்தால் சுற்றளவு 6. பக்கங்களை இரட்டித்துப் போனால் 6.2117, 6.2653, 6.2787. கூடுவது 0.2117, 0.0536, 0.0134, ஒவ்வொன்றும் முந்தியதில் கால்வாசி. எத்தனை முறை இரட்டித்தாலும் 6.2832-ஐத் தாண்டாது. தனுஷ்கோடிக் கோடியில் உள்ள அரிச்சல்முனை மணல் வளைவு ஏறக்குறைய இந்த ஜாதி.

அடுத்து ஹெல்கே வான் கோக் 1904-ல் தந்த வளைவு. 1 கி.மீ. பக்கமுள்ள சமபக்க முக்கோணத்தை எடுத்து, ஒவ்வொரு பக்கத்தின் நடு மூன்றிலொரு பங்கை நீக்கி, அங்கே அதே நீளமுள்ள இரு கோட்டால் வெளிப்பக்கமாகக் கூம்பு வையுங்கள். வரும் புதிய பக்கங்களுக்கும் இதையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். சுற்றளவு ஒவ்வொரு படியிலும் 4/3 மடங்கு. 3 கி.மீ. எட்டாம் படியில் 29.97 கி.மீ.; அப்போது ஒரு துண்டு 15 செ.மீ., ஒரு சாண்கூட இல்லை. பதினாறாம் படியில் 299 கி.மீ. இதற்கு வரம்பே கிடையாது.

தொண்டிக் கரை:
பரப்பளவும் அப்படியே பெருகுமா அண்ணே?

தென்கடல்:
பெருகாது. முதல் முக்கோணத்தின் 8/5 மடங்கை, அதாவது 0.693 சதுர கி.மீ.-ஐ, எந்தப் படியிலும் தாண்டாது. முடிவிலிச் சுற்றளவு ஒரு சின்னத் தீவுக்குள் அடங்கிவிடுகிறது. இதைக் கரும்பலகையில் கணக்காகவே போட்டுக் காட்டுங்கள், சொல்லி மட்டும் விடாதீர்கள்.

வரைபடக்காரர்:
வகுப்பில் அளக்கப்போகிறீர்கள் என்றால்: தேவிபட்டினம் பக்கம் ஓடையும் கழியுமாக உள்ள வடகடல் (பாக் விரிகுடா) கரையில் ஒரு துண்டை எடுங்கள். வரைபடத்தில் டிவைடரை 4 கி.மீ. அளவுக்குத் திறந்து கரையோடு நடத்தி, எத்தனை எட்டு வைக்கிறது என்று எண்ணுங்கள். பிறகு 2, 1. கடைசி அரைகுறை எட்டையும் பின்னமாகச் சேர்க்க வேண்டும். கோலைப் பாதியாக்கும்போதெல்லாம் நீளம் ஏறக்குறைய அதே சதவீதம் கூடினால் கோக் ஜாதி; சதவீதம் சுருங்கிக்கொண்டே வந்தால் வட்ட ஜாதி. பிரிட்டன் மேற்குக் கரைக்கு பிரிட்டிஷ் அறிவியலாளர் ரிச்சர்ட்சனின் அளவுகளிலிருந்து வந்த பரிமாணம் (கரை எவ்வளவு நெளிகிறது என்று காட்டும் எண்; நேர்கோட்டுக்கு 1) 1.25, பாதியாக்கும் ஒவ்வொரு முறையும் சுமார் 19 சதவீதம் கூடும் என்று அர்த்தம்.

கெடுவது எங்கே என்றால், 1:2,50,000 வரைபடத்தில் 1 மி.மீ. என்பது 250 மீட்டர். அதற்குக் கீழே வளைவுகளை வரைந்தவரே நேராக்கியிருப்பார். அங்கே நீளம் நின்றுபோனால் கரைக்கு வரம்பு வந்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள், வரைபடம்தான் தீர்ந்துபோனது. ஏற்றக்கோடு, வற்றக்கோடு (கடல் ஏறும்போதும் வற்றும்போதும் நீர் நிற்கும் எல்லைகள்) இரண்டையும் கலக்கவும் கூடாது. சேற்றுக் கரையில் இரண்டும் தள்ளித் தள்ளிக் கிடக்கும்.

தென்கடல்:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள் சார். மெய்யான கரையில் மணல் பருக்கை வரை போனதும் "கரை" எது என்பதே குழம்பிவிடும். அதனால் முடிவிலி என்ற சொல்லைக் கோக் வளைவுக்கு மட்டும் எழுதுங்கள்; நம்ம கரைக்கு "இந்தக் கோலில் இவ்வளவு" என்று கோலின் அளவோடு எழுதச் சொல்லுங்கள்.