வேளச்சேரி பிளாட்ஸ் குழு: ஆன்லைன் எம்எஸ்சி பத்தி ஒரு கேள்வி

சுமதி (ஏ பிளாக்): எல்லாருக்கும் வணக்கம். மருமகள் ஸ்டாஃப் நர்ஸ். லண்டன் பக்கம் ஒரு யுனிவர்சிட்டில மருத்துவமும் சமூகப் பராமரிப்பும் சேர்ந்த எம்எஸ்சி, முழுக்க ஆன்லைன். சேரலாமான்னு கேக்குறா. கீதா மேடம், நசீமா, கொஞ்சம் சொல்லுங்க.

கீதா மேடம் (நர்சிங் காலேஜ்): எதுக்குப் படிக்கிறா சுமதி? அதை வெச்சுதான் பதில். அங்க போய் நர்ஸா வேலை பாக்கணும்னா இந்தப் பட்டம் உதவாது. அந்த ஊர் நர்சிங் கவுன்சில் பதிவுக்கு சிபிடின்னு கம்ப்யூட்டர் பரீட்சை, ஆஸ்கின்னு செய்முறைப் பரீட்சை தனியா இருக்கு. சோஷியல் ஒர்க்கர் பதிவும் இதுல வராது. இங்க உக்காந்து ஆன்லைன்ல படிச்சா ஸ்டூடண்ட் விசாவும் கிடையாது.

சுமதி: வெளிநாடு எல்லாம் இல்ல மேடம். வார்டு டூட்டியை விட்டுட்டு ஹோம் கேர் நிர்வாகம் பக்கம் போகணுமாம்.

கீதா மேடம்: அப்போ பிரயோஜனம் இருக்கு. ஆனா சர்க்கார் வேலைக்கும் பிஎச்டிக்கும் இங்க சமமா எடுத்துக்குவாங்கன்னு நம்பி மட்டும் பணம் கட்ட வேண்டாம். அந்த ஆசை இருந்தா யுஜிசி அனுமதி இருக்கிற இந்தியப் படிப்பா பாருங்க, யுஜிசியோட தொலைதூரக் கல்விப் பிரிவு குடுக்கிற டிஇபி ஐடி எடுத்துதான் சேரணும். அதுலயும் சைக்காலஜி, நியூட்ரிஷன் மாதிரி படிப்பை 2025 ஜூலை-ஆகஸ்ட் பேட்ச்ல இருந்து ஆன்லைன்ல நடத்தக் கூடாதுன்னு யுஜிசி நிறுத்திடுச்சு. பழைய விளம்பரத்தைப் பாத்து ஏமாறாதீங்க.

சுமதி: டூட்டி பாத்துக்கிட்டே படிக்க முடியுமா?

கீதா மேடம்: மொத்தம் 180 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேரப் படிப்புன்னு கணக்கு. 20 கிரெடிட் பாடம்னா 200 மணி. அதை 12 வாரத்துல முடிக்கச் சொன்னா வாரத்துக்கு 16, 17 மணி ஆகும். நைட் டூட்டி வர்ற மாசத்துல ரெண்டு பாடம் சேர்த்து எடுத்தா கண்டிப்பா ஒண்ணு போயிடும். ஒவ்வொண்ணா எடுக்கட்டும். வழக்கமா 60 கிரெடிட்ல நிறுத்தினா பிஜி சர்டிபிகேட், 120ல பிஜி டிப்ளமா. இவங்க கோர்ஸ்லயும் அப்படி நடுவுல வெளிய வர வழி இருக்கான்னு முன்னாடியே கேட்டு வெச்சுக்கணும்.

நசீமா (மெடிக்கல் சோஷியல் ஒர்க்கர்): நேரத்தையும் பாத்துக்கோங்க ஆன்ட்டி. அங்க சாயங்காலம் 6 மணி வகுப்புன்னா நமக்கு ராத்திரி 10.30. அக்டோபர் கடைசி ஞாயிறு அவங்க கடிகாரத்தை மாத்திடுவாங்க, அப்புறம் மார்ச் கடைசி ஞாயிறு வரைக்கும் 11.30. ரெக்கார்டிங் போடுவாங்களான்னு கேளுங்க.

சுமதி: பாடம் எல்லாம் அந்த ஊர் விஷயம்தானே நசீமா? நம்ம ஊருக்கு ஒத்து வருமா?

நசீமா: முதல் சில மாசம் அந்த ஊருதான். இங்கிலாந்துல ஆஸ்பத்திரி இலவசம். ஆனா வயசானவருக்குக் குளிப்பாட்ட, ஊட்டிவிட ஆள் வேணும்னா அது உள்ளாட்சிப் பணம், அதுக்கு சொத்துக் கணக்கு பாப்பாங்க. 23,250 பவுண்டுக்கு மேல இருந்தா பெரும்பாலும் அவங்க சொந்தச் செலவுதான். ஒரே நோயாளி, ரெண்டு பணப்பை. யார் குடுக்குறதுன்னு முடிவாகாம, குணமானவர் பெட்லயே கிடப்பார். இதைச் சரிபண்ணத்தான் 2022 சட்டத்துல ஆஸ்பத்திரியையும் பராமரிப்பையும் சேர்த்துத் திட்டமிட 42 ஒருங்கிணைந்த போர்டு கொண்டுவந்தாங்க. ஸ்காட்லாந்துல 2014லயே தனிச் சட்டம். வட அயர்லாந்துல 1973ல இருந்தே ரெண்டும் ஒரே நிர்வாகம்.

நசீமா: நம்ம ஊருக்கு எப்படின்னா, பக்கவாதம் வந்தவரோட டிஸ்சார்ஜ் சம்மரி ஒண்ணைக் கையில எடுத்துப் பாக்கச் சொல்லுங்க. மாத்திரை பேர், டோஸ், ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் பக்காவா இருக்கும். மூக்கு ட்யூபை எந்தத் தேதில மாத்தணும், வீட்டுக்கு வந்து யார் மாத்துவாங்க, ராத்திரி அடைச்சுக்கிட்டா எந்த நம்பர்னு பல சம்மரில ஒரு வரி இருக்காது. கடைசில "2 வாரம் கழிச்சு ஓபிக்கு வரவும்". லிஃப்ட் இல்லாத ரெண்டாவது மாடில படுத்திருக்கிறவர் எப்படி வருவார்? எழுதாம விட்ட அந்த வரிதான் இந்தப் படிப்பு முழுக்க.

நசீமா: நம்ம தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பிபி, சுகர் மாத்திரை, பிசியோ, வலி நிவாரணப் பராமரிப்பு எல்லாம் வீட்டுக்கே வருது. ஆஸ்பத்திரில இருந்து வீடு திரும்பின தகவல் அந்தத் திட்டத்தோட தன்னார்வலருக்கு எப்படிப் போய்ச் சேருதுன்னு அசைன்மென்ட்ல ஆராய்ஞ்சா ரொம்ப நல்லா வரும்.

கீதா மேடம்: நம்ம பொண்ணுங்க மார்க் விடுறது இங்கதான். "விமர்சன நோக்கில் மதிப்பிடுக"ன்னு கேட்டா, திட்டம் எப்ப வந்தது, என்ன செய்யுதுன்னு 3,000 வார்த்தைல 2,500ஐ விவரிச்சே தீத்துடுறாங்க. எது வேலை செய்யுது, எது செய்யல, அதுக்கு ஆதாரம் என்ன, அந்த ஆதாரம் எவ்வளவு பலமானதுன்னு எழுதணும். இன்னொண்ணு, நெட்டுல இருந்து எடுத்த வரியை லேசா மாத்திப் போட்டா காப்பியைக் கண்டுபிடிக்கிற டர்னிட்டின் சாஃப்ட்வேர்ல மாட்டும். படிச்சுட்டு மூடி வெச்சு எழுதிப் பழகட்டும்.

பாலாஜி (பேங்க், சி பிளாக்): ஃபீஸ் பத்தி நான் சொல்றேன் மேடம். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புற ஏ2 படிவத்துல, எதுக்கு அனுப்புறோம்ங்கிற கோடை கவுன்ட்டர்ல பழக்கத்துல எஸ்0305னு போட்டுடுவாங்க. அது வெளிநாடு போய்ப் படிக்கிறவங்களுக்கு. வீட்ல இருந்து படிச்சா எஸ்1107. அப்புறம் வழில வர்ற பேங்க் சார்ஜை நாமளே ஏத்துக்கிற மாதிரி "OUR"னு டிக் பண்ணச் சொல்லுங்க. சார்ஜைப் பங்கு போடுற "SHA"ன்னு விட்டா நடுவுல இருக்கிற பேங்க் கொஞ்சம் பவுண்டு எடுத்துக்கும், யுனிவர்சிட்டி கணக்குல பாக்கின்னு நின்னு லாகின் பூட்டிடலாம். ஸ்டூடண்ட் ஐடி நம்பரைக் குறிப்புல போட மறக்காதீங்க. வருஷத்துக்கு 10 லட்சம் வரை டிசிஎஸ்னு பணம் அனுப்பும்போதே பிடிக்கிற வரியைப் பிடிக்க மாட்டாங்க.

சுமதி: ரொம்ப நன்றி பாலாஜி தம்பி. கடைசில பெரிய ப்ராஜெக்ட் ஒண்ணு இருக்காமே?

கீதா மேடம்: ஆமா, 60 கிரெடிட் வரை வரும். நோயாளிகளைப் பேட்டி எடுக்கணும்னா அங்க எத்திக்ஸ் அனுமதி, இங்க ஆஸ்பத்திரி எத்திக்ஸ் கமிட்டி அனுமதி, தமிழ்ல ஒப்புதல் படிவம், மூணும் வேணும். இதுலயே மாசக்கணக்குல போயிடும். வேலைல இருக்கிறவளுக்கு ஏற்கெனவே வந்த ஆய்வுகளைத் தொகுத்து அலசுறதுதான் நல்லது. ஆய்வுக் கட்டுரை தேடுற தளங்கள்ல பப்மெட் நெட்லயே இலவசம், சினால் யுனிவர்சிட்டி லாகின்ல கிடைக்குமான்னு கேட்டுக்கோ.

கீதா மேடம்: கோர்ஸ் ஹேண்ட்புக் பிடிஎஃப் அனுப்பச் சொல்லி இன்னைக்கே மெயில் போடச் சொல்லு. வந்ததும் குழுல போடு, மார்க் பிரிக்கிற பக்கத்தை நானும் நசீமாவும் பாத்துச் சொல்றோம்.

சுமதி: மெயில் போட்டுட்டா மேடம் 🙏