உப்புவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் பாய்ப்படகில்: ஓகஸ்ட் மாதக் காற்றை நம்பலாமா?

கேட்டவர்: உப்புவெளி நண்பன்

வரும் ஓகஸ்ட் மாதத்தில் நண்பர்கள் நால்வர் ஒரு சிறு பாய்ப்படகில் திருகோணமலைக்கு அருகிலுள்ள உப்புவெளியிலிருந்து புறப்பட்டு, கரையோரமாகவே வடக்கே சென்று, நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவைப் பார்த்துவிட்டு, ஆறுதலாக மாலைக்குள் திரும்ப எண்ணியிருக்கிறோம். எங்களில் இருவருக்குப் பாய் பிடிக்கத் தெரியும். மற்ற இருவரும் கடலுக்குப் புதியவர்கள். சென்ற ஆண்டு இதே மாதத்தில் கரையில் நின்று பார்த்தபோது காலையில் கடல் குளம்போலக் கிடந்தது, நண்பகலில் காற்று அடங்கியது, நான்கு மணிக்கு இடியோடு மழை கொட்டியது. இப்படி மாறும் நாளில் எப்போது புறப்பட்டு எப்போது திரும்புவது நல்லது?

பதில்: கொட்டியாரக்குடா

கடல் குளம்போலக் கிடந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றித்தான் எனக்குக் கவலை. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, நம் கிழக்குக் கரைப் பக்கம் கச்சான் எனப்படும் வறண்ட காற்றாக இறங்குகிறது. அது தரையிலிருந்து கடலை நோக்கி அடிப்பதால், கரையோரத்தில் எவ்வளவு வேகமாக வீசினாலும் அலை எழும்ப இடமிருப்பதில்லை. கரையை விட்டு விலக விலகத்தான் அலை வளரும். புதியவர்கள் பெரும்பாலும் இந்த அமைதியை நம்பியே வெளியே போய்விடுகிறார்கள். போவது சுகமாக இருக்கும், ஆனால் பாய்ப்படகு காற்றுக்கு நேரெதிரே ஓடாது என்பதால், திரும்பும்போது மாறி மாறிச் சரிவாக ஓடித்தான் கரையைப் பிடிக்க வேண்டும். கரைக்கு இணையாகவே ஓடினால் போகும்போதும் வரும்போதும் காற்று பக்கவாட்டில் கிடைக்கும். இரு வழியும் எளிது. ஆகவே தென்னைமரங்களைத் தனித்தனியாக எண்ணக்கூடிய தூரத்துக்கு அப்பால் போகாதீர்கள்.

பதில்: பாய்மரம்

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். இடிமழையைப் பற்றி நான் சேர்க்க விரும்புவது ஒன்று: அது நிலப்பக்கமிருந்து வருகிறது. உள்நாட்டில் சூடேறிய தரைக்கு மேல் திரளும் முகிலைக் காற்று கிழக்கே தள்ளிக்கொண்டு வரும், படகில் இருப்பவர்களோ கடலையும் தீவையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நண்பகலுக்குப் பின் ஒருவரை மேற்கு வானத்தைப் பார்ப்பதற்கென்றே உட்கார வையுங்கள். புதியவர்களுக்கு இது நல்ல வேலை. மழைக்கு முன்னரே குளிர்ந்த காற்று ஒன்று திடீரென்று பாயும். 10 நொட் (மணிக்கு ஏறத்தாழ 18 கிலோமீற்றர்) காற்று 20 நொட் ஆனால் பாயின் மீதான அழுத்தம் இரு மடங்கல்ல, நான்கு மடங்கு. அதனால், சுருக்கலாமா என்ற எண்ணம் முதலில் எழும்போதே பாயைச் சுருக்கிவிடுங்கள். விடியற்காலையில் புறப்பட்டு இரண்டு மணிக்குள் கரை சேருங்கள். நண்பகலில் காற்று அடங்கினால் துடுப்போ சிறு இயந்திரமோ இல்லாமல் அந்த நேரத்தைக் காப்பாற்ற முடியாது. முதல் நாள் இரவும் அன்று காலையும் வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிவித்தலைப் பார்க்கத் தவறாதீர்கள்.

கேட்டவர்: உப்புவெளி நண்பன்

இருவருக்கும் மிக்க நன்றி. மாலைக்குள் என்ற எண்ணத்தைக் கைவிட்டு, விடியற்காலைக்கு மாற்றிவிட்டோம். தீவருகே நங்கூரம் போடலாமா?

பதில்: கொட்டியாரக்குடா

தயவுசெய்து பவளப்பாறை மேல் போடாதீர்கள். புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. இறங்குவதற்கு வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். பாய்ப்படகை நிலாவெளிக் கரையில் ஏற்றி வைத்துவிட்டு, அங்கிருந்து தீவுக்கு ஓடும் இயந்திரப் படகில் போய் வாருங்கள். கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர்தான், ஆனால் கச்சான் நாளில் அந்த ஒரு கிலோமீற்றரும் கடலை நோக்கியே தள்ளும்.