சோர்ஸிலிருந்து விம், ஈமாக்ஸ்: கான்ஃபிகர் கட்டத்தில் இடறும் இடங்கள் (அனுபவப் பகிர்வு)

1

டெபியன், உபுண்டு லினக்ஸில் விம் என்ற உரை எடிட்டரை சோர்ஸிலிருந்து (மூல நிரலிலிருந்து) கட்டுபவர்களின் நிரந்தரப் புகார் ஒன்று: கான்ஃபிகர் (கணினியில் தேவையானவை இருக்கின்றனவா என்று சோதிக்கும் ஸ்கிரிப்ட்) ஒழுங்காக முடிந்தது, மேக்கும் (கம்பைல் செய்யும் கட்டளை) ஓடியது, ஆனால் பிளஸ் ரெஜிஸ்டரில் (சிஸ்டம் கிளிப்போர்டு) யாங்க் (நகல்) செய்தால் பிரவுசரில் ஒட்ட முடியவில்லை.

டெர்மினல் லைப்ரரி இல்லையென்றால் விம்மின் கான்ஃபிகர் அங்கேயே நின்று, என்கர்சஸ் போடச் சொல்லும். மற்ற பல வசதிகளுக்கு அந்தக் கறார் கிடையாது. லைப்ரரி கிடைக்காவிட்டால் 'நோ' என்று ஒரு வரி, அவ்வளவுதான். வசதியைக் கழற்றிவிட்டு அடுத்த சோதனைக்குப் போய்விடும். அத்தனை வரிகள் ஓடும் திரையில் அந்த ஒரு 'நோ' யார் கண்ணில் படும்?

கிளிப்போர்டில் காலை வாருவது பெரும்பாலும் லிப்எக்ஸ்டி-டெவ் என்ற பேக்கேஜ். லிப்எக்ஸ்11-டெவ் போட்டாலே போதும் என்று தோன்றும். ஆனால் எக்ஸ்லிப்.ஹெச், இன்ட்ரின்சிக்.ஹெச் இரண்டையும் சேர்த்த ஒரு துண்டு நிரலை கம்பைல் செய்து பார்த்துத்தான் எக்ஸ்11 (திரையின் சாளர அமைப்பு) இருக்கிறதா என்று கான்ஃபிகர் முடிவு செய்கிறது. இரண்டாவது ஹெடர் லிப்எக்ஸ்டி-டெவ்வில்தான் வரும். அது இல்லையென்றால் எக்ஸ் ஆதரவு மொத்தமும் போச்சு, கூடவே கிளிப்போர்டும்.

--வித்-எக்ஸ்=யெஸ் என்று வெளிப்படையாகக் கொடுத்துவிடுங்கள். அப்போது சத்தமில்லாமல் விடாது, பிழை சொல்லி நிற்கும். கட்டி முடித்ததும் விம் --வெர்ஷன் கொடுத்து கிளிப்போர்டு, எக்ஸ்டெர்ம்_கிளிப்போர்டு இரண்டின் முன்னாலும் கூட்டல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். கழித்தல் குறியாக இருந்தால் விம்ஆர்சியை (விம்மின் அமைப்புக் கோப்பு) எவ்வளவு திருத்தினாலும் பயனில்லை.

2

இதோடு --எனேபிள்-ஃபெயில்-இஃப்-மிஸ்ஸிங் என்ற ஆப்ஷனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பைத்தான், லுவா, ரூபி என்று கேட்டது கிடைக்காதபோது கான்ஃபிகரை நிறுத்திவிடும். இது ஏன் இயல்பாகவே இயங்குவதில்லை என்பது நியாயமான கேள்வி.

விட்டுப்போன பேக்கேஜைப் போட்டுவிட்டுத் திரும்ப கான்ஃபிகர் ஓட்டினாலும் அதே 'நோ' வருகிறதா? பழைய விடைகள் எஸ்ஆர்சி/ஆட்டோ/கான்ஃபிக்.கேஷ் கோப்பில் உட்கார்ந்திருக்கும். புதிதாகச் சோதிக்காமல் அதிலிருந்தே எடுத்துச் சொல்கிறது. வரியில் விடைக்கு முன்னால் 'கேஷ்டு' என்ற சொல் இருந்தால் அதுதான் அடையாளம். அந்தக் கோப்பை அழியுங்கள், அல்லது மேக் டிஸ்ட்கிளீன் கொடுங்கள். சோதனை எதனால் தோற்றது என்று தெரிய அதே அடைவிலுள்ள கான்ஃபிக்.லாக்கைத் திறந்து, சோதனையின் பெயரைத் தேடினால் கம்பைலர் சொன்ன பிழை அப்படியே இருக்கும்.

--வித்-ஃபீச்சர்ஸ்=ஹ்யூஜ் (பெரிய வசதித் தொகுப்போடு கட்டுவது) பற்றி எல்லா வழிகாட்டியிலும் எழுதுகிறார்கள். இப்போதைய பதிப்புகளில் சொல்லாவிட்டாலும் ஹ்யூஜ்தான்.

3

விம்முக்குள் பைத்தானைச் சேர்க்கும் பைத்தான்3இன்டெர்ப் ஆப்ஷனுக்கு 'யெஸ்' கொடுப்பதும் 'டைனமிக்' கொடுப்பதும் ஒன்றல்ல. 'யெஸ்' என்றால் விம் பைனரி, கட்டும்போது இருந்த லிப்பைத்தானோடு நேரடியாக இணைந்துவிடும். டிஸ்ட்ரோவை மேம்படுத்தி 3.11 போய் 3.12 வந்த அன்று, பழைய லைப்ரரியைக் காணோம் என்று லோடர் கைவிரிக்கும்; விம்மே திறக்காது. எஸ்எஸ்ஹெச் வழியாக சர்வரில் ஒரு கான்ஃபிக் கோப்பைத் திருத்தப் போகும் நேரத்தில் இது நடந்தால் நானோ எடிட்டர்தான் துணை. 'டைனமிக்' என்றால் விம் திறக்கும். பைத்தானைத் தொடும் பிளக்கின் மட்டும்தான் முரண்டு பிடிக்கும்.

பைஎன்வி, கோண்டா, வெர்ச்சுவல் என்வ் போன்ற தனிப் பைத்தான் சூழல் எது இயங்கிக்கொண்டிருந்தாலும் அணைத்துவிட்டு கான்ஃபிகர் ஓட்டுங்கள். பாத்தில் (கட்டளைகளைத் தேடும் அடைவுகளின் பட்டியல்) முதலில் அகப்படும் பைத்தான்3-ஐத்தான் அது பிடித்துக்கொள்ளும். அணைக்க வழியில்லையென்றால் --வித்-பைத்தான்3-கமாண்ட் கொடுத்து சிஸ்டம் பைத்தானைக் காட்டிவிடலாம்.

4

அடுத்தது பிரிஃபிக்ஸ், அதாவது எங்கே இன்ஸ்டால் ஆக வேண்டும் என்ற பாதை. --பிரிஃபிக்ஸ் பாதை கம்பைல் நேரத்தில் பாத்டெஃப்.சி வழியாக பைனரிக்குள்ளேயே எழுதப்படுகிறது. /யூஎஸ்ஆர்/லோக்கல் என்று கட்டிவிட்டு, பிறகு அடைவை ஹோமுக்கு நகர்த்தினால் சின்டாக்ஸ்.விம் திறக்க முடியவில்லை என்று ஈ484 பிழை வரும். இன்ஸ்டால் செய்யாமல் எஸ்ஆர்சி அடைவிலிருந்தே ஓட்டிப் பார்ப்பவர்களுக்கும் இதே பிழை வரலாம்; அதற்கு விம்ரன்டைம் என்ற சூழல் மாறிக்கு ../ரன்டைம் கொடுத்தால் போதும். பிரிஃபிக்ஸை மாற்றுவதென்றால் கான்ஃபிகரிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

இன்ஸ்டால் ஆன பிறகும் பழைய விம்மே திறக்கிறதென்றால், பாஷ் பழைய பாதையை நினைவில் வைத்திருக்கலாம். ஹாஷ் -ஆர் அடித்தால் மறந்துவிடும்.

5

இன்னொரு எடிட்டரான ஈமாக்ஸின் கதை கொஞ்சம் வேறு. குனுடிஎல்எஸ் (பாதுகாப்பான இணைய இணைப்புக்கான லைப்ரரி), படங்களுக்கான லைப்ரரிகள் இல்லையென்றால் கான்ஃபிகர் பட்டியல் போட்டுக் காட்டி நின்றுவிடும். ஆனால் தமிழில் எழுதுபவர்களுக்கு முக்கியமான ஹார்ஃப்பஸ் அப்படியல்ல. லிப்ஹார்ஃப்பஸ்-டெவ் இல்லாவிட்டால் பேசாமல் விட்டுவிடும். எழுத்துகளைச் சரியாகக் கோத்துக் காட்டுவது அந்த லைப்ரரிதான். ஈமாக்ஸில் அது சேர்ந்தது 27-ஆம் பதிப்பில். கோக்க ஆளில்லாமல் போனால் 'கெ' என்பதில் கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் தொங்கும். கான்ஃபிகர் கடைசியில் அச்சிடும் பட்டியலில் ஹார்ஃப்பஸ் வரிக்கு நேரே 'யெஸ்' இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேக் கொடுங்கள். டெர்மினலுக்குள் ஈமாக்ஸ் ஓட்டுபவர்களுக்கு இது உதவாது; அங்கே எழுத்தை வரைவது டெர்மினலின் வேலை.

நேட்டிவ் கம்பைலேஷனுக்கு (ஈமாக்ஸின் லிஸ்ப் நிரலை இயந்திர நிரலாக மாற்றுவது) லிப்ஜிசிசிஜிட் வேண்டும். அதன் எண் உங்கள் ஜிசிசி கம்பைலரின் எண்ணோடு பொருந்த வேண்டும். டெபியன் 12-இல் ஜிசிசி 12, ஆகவே லிப்ஜிசிசிஜிட்-12-டெவ். 28, 29 பதிப்புகளில் நாமே ஆப்ஷன் கொடுத்துக் கேட்பதால் லைப்ரரி இல்லையென்றால் பிழை வரும். 30-இல் அது இயல்புநிலை ஆகிவிட்டது. லைப்ரரி இருந்தால் சேர்க்கும், இல்லையென்றால் சேர்க்காது, பிழையும் சொல்லாது. முன்னேற்றமா இது என்று கேட்கத் தோன்றுகிறது.

6

பிஎஸ்டி பக்கம் ஒரு வரி. இணைக்கும் கட்டத்தில் லிப்ஐகான்வ்_ஓப்பன் கிடைக்கவில்லை என்று வந்தால், குனு லிப்ஐகான்வின் (எழுத்துக் குறியாக்கங்களை மாற்றும் லைப்ரரி) ஹெடர் /யூஎஸ்ஆர்/லோக்கலிலிருந்து உள்ளே வந்திருக்கிறது என்று பொருள். அந்த ஹெடர் ஐகான்வ் பெயர்களை லிப்ஐகான்வ் என்று மேக்ரோவால் மாற்றிவிடும். இணைக்கும்போது அந்த லைப்ரரியைச் சேர்க்காவிட்டால் லிங்கருக்குப் பெயர் அகப்படாது. விம்மில் --வித்தவுட்-லோக்கல்-டிர் கொடுத்தால் அந்த அடைவைத் தேடாது. ஆனால் உங்கள் லுவாவும் பைத்தானும் அங்கேதான் இருக்கும் என்றால் அதைக் கொடுக்காதீர்கள். எல்டிஃபிளாக்ஸில் அடைவின் பாதையையும், லிப்ஸில் -எல்ஐகான்வையும் சேர்த்துவிட்டு, கேஷை அழித்து மறுபடி ஓட்டுங்கள்.