மறு: வெளியேற்று எக்கி – ‘இறைப்பி’ என்று சொல்லலாமா?

வணக்கம் நண்பர்களே,

பாக்டீரியா தனக்குள் நுழையும் மருந்தை வெளியே தள்ளப் பயன்படுத்தும் புரதத்துக்கு (ஆங்கிலத்தில் efflux pump) ‘வெளியேற்று எக்கி’, ‘மருந்து உமிழி’ என்று இங்கே இரண்டு பெயர்கள் வந்திருக்கின்றன. ‘வெளியேற்று எக்கி’யில் பிழையில்லை. ஆனால் அதை ஒரு பத்தியில் நான்கு முறை எழுதினால் படிப்பவர் களைத்துவிடுவார். ‘மருந்து உமிழி’ எனக்கு ஒட்டவில்லை. ஒளி உமிழ்வு, கரிம உமிழ்வு என்று அந்த வினைக்கு ஏற்கனவே நிறைய வேலை இருக்கிறது.

நான் முன்வைப்பது ‘இறைப்பி’. இதை யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. அம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்று வந்து மாத்திரைகள் பலிக்காதபோது, “மருந்து கிருமிக்குள்ளே போகலையா?” என்று கேட்டார். “சில கிருமிக்குள்ள போகும்மா, போகப் போக இறைச்சு வெளியே ஊத்திடும்” என்றேன். அவருக்கு உடனே புரிந்தது.

ஓட்டைப் படகை நினைத்துப் பாருங்கள். நீர் கசிந்துகொண்டேதான் இருக்கும். கசிவதைவிட வேகமாக இறைத்தால் படகு மிதக்கும். பாக்டீரியா செய்வதும் அதுதான். 1980இல் நுண்ணுயிரியலாளர் ஸ்டூவர்ட் லெவியின் ஆய்வகம் ஈ கோலை என்ற குடல் பாக்டீரியாவில் இதைக் காட்டியது: டெட்ராசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து செல்லுக்குள் நுழைகிறது, ஆனால் தங்குவதில்லை. அதே ஈ கோலையில் ஏசிஆர்பி (AcrB) என்றொரு இறைக்கும் புரதம் உண்டு. அதன் மூன்று கூறுகள் முறைவைத்து மருந்தைப் பிடித்துத் தள்ள, டால்சி (TolC) என்ற குழாய் வழியே அது வெளியே போகிறது. டெட்ராசைக்ளின், குளோரம்பெனிக்கால், சிப்ரோபிளாக்சசின் என்று வேதியமைப்பில் தொடர்பே இல்லாத மருந்துகளையும் இந்த ஒன்றே இறைக்கும். என்னைக் கவலைப்பட வைப்பது இதுதான்.

ஏற்பி, தடுப்பி வரிசையில் இறைப்பியும் இயல்பாக உட்காரும். வினையும் கூடவே கிடைக்கிறது: இறைக்கிறது, இறைப்பு, மிகை இறைப்பு. ‘வாரி இறைத்தல்’ குழப்பும் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அதிலும் வெளியே வீசுவதுதானே பொருள்? வேண்டுமானால் முதல் முறை ‘மருந்திறைப்பி’ என்று எழுதிவிட்டு, அப்புறம் சுருக்கிக்கொள்ளலாம்.

சரி, இதை முடக்கும் மருந்துக்கு என்ன பெயர்? ‘இறைப்பி அடைப்பான்’ வேண்டாம். சில பொருள்கள் வழியை அடைக்கின்றன. சில மருந்தோடு போட்டியிட்டுத் தாமே இறைபடுகின்றன. இன்னும் சில, இறைப்பிக்கு ஆற்றல் தரும் புரோட்டான் ஏற்றத்தாழ்வை, அதாவது செல்சவ்வின் இரு பக்கமும் புரோட்டான் அளவில் உள்ள வேறுபாட்டை, குலைக்கின்றன. ‘இறைப்புத் தடுப்பி’ என்றால் மூன்றும் அடங்கும். பாக்டீரியாவுக்கு எதிராக இவற்றில் ஒன்றுகூட இன்னும் வழக்கமான சிகிச்சைக்கு வரவில்லை. நச்சுத்தன்மை பெரிய தடை. நம் செல்களிலும் இதே வேலையைச் செய்யும் இறைப்பிகள் இருக்கின்றன.

இன்னொரு சொல்லுக்கும் உங்கள் உதவி வேண்டும். சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு பேஜ் (பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ்), இறைப்பியின் வெளிக்குழாயைப் பற்றிக்கொண்டுதான் செல்லுக்குள் நுழைகிறது என்று 2016இல் ஓர் ஆய்வு வந்தது. பேஜிடமிருந்து தப்ப பாக்டீரியா அந்தக் குழாயை மாற்றினால் இறைப்பு கெடுகிறது, பழைய மருந்துகள் மறுபடி வேலை செய்கின்றன. குழாயை விடாமல் வைத்திருந்தால் பேஜ் கொன்றுவிடும். கிருமியை இப்படி மாட்டிவைக்கும் உத்திக்கு, இருதலைக்கொள்ளி எறும்பை நினைத்து, ‘இருதலை நெருக்கு’ என்று குறித்து வைத்திருக்கிறேன். பொருந்துகிறதா, சொல்லுங்கள்.