பொருள்: 'குறுஞ்சுற்று' – மாற்றுச்சொல் வெள்ளிக்குள் வேண்டும்

வணக்கம். ஆறாம் வகுப்புக்கான மின்சுற்றுச் செய்முறைத் தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மின்கலம், பல்பு, எல்லாம் முடிந்தது. ஷார்ட் சர்க்யூட்டுக்குத் தமிழ்ச்சொல் தேடி நிற்கிறேன். 'குறுஞ்சுற்றைத் தவிர்' என்று எழுதி வகுப்பில் வாசித்தேன். "சின்ன சர்க்யூட் கூடாதா சார்? அப்ப ரெண்டு பல்பு வைக்கணுமா?" என்றான் ஒரு பையன்.

---

> சின்ன சர்க்யூட் கூடாதா

சொல்லில் பிழையில்லை. குறுமை + சுற்று. 'மை' ஈறு போய், சகரத்துக்கு இனமான ஞ் மிகுந்தது. குறுஞ்செய்தியை ஏற்றவர்கள் இதை ஏன் தள்ளவேண்டும்? அது கிடக்க, 'மின்கலம்' என்பதையே 'மின்கலன்' ஆக்கலாம். நிலம், நிலன் போலக் கடைப்போலி. கலம் என்றால் பாண்டம், மரக்கலம், அணிகலம், நெல்லளவை...

---

நெல்லை அப்புறம் அளப்போம் ஐயா. இதில் குறுமை எங்கே இருக்கிறது? 1.5 வோல்ட் கலத்தின் இரு முனைகளையும் ஒரு மீட்டர் செப்புக் கம்பியால் இணைத்தாலும் கதை இதேதான். டார்ச் பல்புக்கு 0.3 ஆம்பியர் போதும். வெறும் கம்பியில் பல ஆம்பியர் பாயும். ஷாக் அடிக்காது, ஆனால் கம்பியும் கலமும் கையைச் சுடும். இல்லாமல் போனது மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் தடை. 'தடையிலாச் சுற்று' என்போம்.

---

தடையில்லா மின்சாரம்தானே அம்மா எல்லாரும் கேட்பது! பிள்ளைகள் அதை நல்லது என்றே நினைப்பார்கள். 'குறுக்குச்சுற்று' போதும். குறுக்குவழி தெரியாத பிள்ளை உண்டா? பல்பு வழியாகப் போகவேண்டியது குறுக்கே போய்விடுகிறது.

---

குறுகு, குறுக்கு, பெருகு, பெருக்கு. குறுகச் செய்வதுதான் குறுக்கு. ஐகாரக் குறுக்கம் படித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாசலில் விரட்டிய குறுமையைக் கொல்லைப்புறமாக அழைத்து வருகிறீர்கள்.

---

"ஷார்ட் ஆயிடும்" என்றே எழுதினால் என்ன? எலக்ட்ரீஷியனும் அப்படித்தான் சொல்கிறார்.

---

நாளை வெள்ளி. 'குறுக்குச்சுற்று' என்றே போடுகிறேன். கீழே விளக்கமும் உண்டு: "கலத்தின் இரு முனைகளையும் வெறும் கம்பியால் நேரே இணைக்காதே. கம்பி சுட்டால் உடனே கழற்று."

---

'தடை' போனதில் எனக்கு வருத்தம்தான். இன்னும் இரண்டு வரி சேருங்கள்: செல்போன் லித்தியம் பேட்டரியை இந்தச் சோதனைக்கு எடுக்கக் கூடாது. கலங்களைச் சாவி, ஊக்கு கிடக்கும் பையில் போடவும் கூடாது. 9 வோல்ட் பேட்டரிக்கு இரு முனையும் ஒரே பக்கம், இரண்டையும் இணைத்துவிட ஒரு ஊக்கு போதும்.

---

நான் உடன்படவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அச்சிடுவதாயிருந்தால் ச் விட்டுப்போகாமல் பாருங்கள், வன்தொடர்க் குற்றியலுகரத்தின் பின் வல்லினம் மிகும். 'மின்கலன்' பற்றி இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.