வடக்கன்குளம் கோவில்: ரெண்டு தடவை திறந்த கதை

நாஞ்சில்காரி:
புதுசாக் கட்டின கத்தோலிக்கக் கோவிலை மந்திரிச்சுத் திறக்கிற அர்ச்சிப்புக்குப் போன கதையெல்லாம் இந்தத் திரியில எல்லாரும் போட்டாச்சு. நான் பழசு ஒண்ணைச் சொல்றேன்.

சித்தி மகள் கல்யாணத்துக்குத் திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளம் போயிருந்தோம். திருக்குடும்பக் கோவில், 1872ல கட்டினது. உள்ள போனதும் எனக்குத் திசையே புரியல. கால்சட்டையோட ரெண்டு கால் மாதிரி ரெண்டு நீளக் கூடம், அது சேர்ற இடத்துல பீடம். பூசை வைக்கிற சாமியாருக்கு ரெண்டு பக்கமும் தெரியும். இந்தக் கூடத்துல முழங்கால் போட்டிருக்கிறவங்களுக்கு அந்தக் கூடத்து ஆட்கள் கண்ணுலயே படமாட்டாங்க.

வேணும்னே போட்ட பிளான் அது. பிள்ளைமார், முதலியார் ஒரு பக்கம், நாடார் ஒரு பக்கம். சாதிச் சண்டை தீராம, இயேசு சபைச் சாமியார்களே இறங்கிவந்து ரெண்டாப் பிரிச்சுக் கட்டிக் கொடுத்தாங்க. சமரசம்னு சொல்லுவாங்க, எனக்கு அந்த வார்த்தை ஒட்டல. அவ்வளவு காசையும் உழைப்பையும் கொட்டி ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காம இருக்க வழி பண்ணியிருக்காங்க.

இத்தனைக்கும் தேவசகாயம் பிள்ளை 1745ல ஞானஸ்நானம் வாங்கினது இதே ஊர்லதான். சாதி பார்க்காம எல்லாரோடயும் பழகினவர், விசுவாசத்துக்காக உயிரை விட்டவர். 2022ல அவரைப் புனிதர் ஆக்கினாங்க.

மாமாகிட்ட கேட்டேன். "நடுவுல சுவரு இருந்துச்சுல்லா மக்கா, அதைக் கௌசானல் சாமி இடிச்சுப்போட்டாரு"ன்னாரு. அது 1910. அப்போ ஆயரா இருந்த பார்த் ஆண்டகை சம்மதத்தோட நடந்தது. என்னைக் கேட்டா கோவில் நிஜமாத் திறந்தது அன்னைக்குத்தான். பிள்ளைமார் தரப்பு சும்மா விடல, சுவரைத் திரும்பக் கட்டணும்னு கேஸ் போட்டாங்க. சென்னை ஹைகோர்ட் வரைக்கும் போச்சு. சாதியைக் காட்டிக் கோவிலுக்குள்ள தனி இடம் கேட்க உரிமை இல்லைன்னு தீர்ப்பு.

சுவரு போனாலும் கூடம் ரெண்டும் அப்படியேதான் இருக்கு. அதை எப்படி இடிக்க?

மேலப்பாளையத்தான்:
அக்கா, எங்க அம்மாச்சி ஊர்ல கோவிலுக்குள்ள எல்லாரும் ஒண்ணாத்தான் உக்காருவோம். கல்லறைத் தோட்டத்துலதான் குறுக்கச் சுவரு. செத்தவங்களுக்கு எதுக்குடா எல்லைன்னு சின்ன வயசுல கேட்டு அடி வாங்கியிருக்கேன்.

கொத்தனார் மகன்:
கட்டிட வேலை தெரிஞ்சவன் கண்ணுல பார்த்தா, ரெண்டு கூடமும் ஒரே பீடத்துல வந்து முட்டுற அந்த மூலைதான் கஷ்டமான இடம். கூரைப் பாரம் ரெண்டு திசையில இருந்து வந்து இறங்கும். அந்தக் காலத்துல அதை நிறுத்தினவங்க கெட்டிக்காரங்க. வேலை வாங்கின காரணம்தான் சரியில்ல. உள்ள போட்டோ எடுக்க விடுவாங்களா?

நாஞ்சில்காரி:
தம்பி, பூசை நேரத்துல எடுக்காதீங்க, மத்தபடி பங்குச் சாமியார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. காவல்கிணறுல இறங்கினா ஆட்டோ கிடைக்கும்.